பால் டின்னில் முப்பத்தொன்பது

என் கணவர் அன்பரசன் இறந்த மறுநாள் காலை உஸைர் பாய் எங்கள் அறைக்கு வந்தான். கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். அவனை 'அவர்' என்று எழுத முயன்று பார்த்தேன், கை ஒத்துழைக்கவில்லை.

"பால் டின்னு எங்க?" என்றான்.

துக்கம் கேட்க வந்தவன் கேட்ட முதல் கேள்வி அதுதான். நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். முதல் நாளிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்த நொடியில் தலை தெளிந்துவிட்டது. அவனுக்கு அந்த டின் வேண்டும் என்றால் அதை நான் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு அப்போது தெரிந்தது.

"எந்த டின்னு?" என்றேன்.

"நடிக்காத. மெஷின் ரூம்ல கீழ்த் தட்டுல இருந்த டின்னு."

"நான் சட்டி வெளக்குறவதான பாய். மெஷின் ரூம்ல என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். என் கணவரின் பெட்டியைத் திறந்து சட்டைகளைக் கலைத்தான். டின் சமையல்கட்டில், பாதி தீர்ந்த பாஸ்மதி மூட்டைக்குள், அரிசிக்கு அடியில் இருந்தது. போலீஸ் வண்டி போனதுமே நான்தான் அங்கே வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால், அது அவர் கடைசியாகக் கை வைத்த பொருள் என்பதைத் தவிர வேறு பதில் அன்றைக்கு என்னிடம் இல்லை.

நாங்கள் வேலை பார்த்தது அல் ஐன் ஊரைத் தாண்டி, மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு தோட்டத்தில். ஒட்டகம், ஆடு, பேரீச்சை. நான் சமையல், அவர் மற்றதெல்லாம். உஸைர் எங்களுக்கு மேலே மேனேஜர். காயல்பட்டினத்துக்காரன், இருபத்தைந்து வருஷமாக அங்கேயே இருப்பவன், அரபி தண்ணீர்பட்ட பாடு. முதலாளியை எல்லோரும் அர்பாப் என்போம். வாரக் கடைசியில் மட்டும் வருவார். வந்தால் துப்பாக்கி சுடுவார். தோட்டத்தின் பின்பக்கம் அதற்கென்றே ஆள் உயரத்துக்கு மேல் மணல் சுவர் எழுப்பியிருந்தார்கள்.

அர்பாபுக்குக் கடைத் தோட்டா பிடிக்காது. அமெரிக்காவில் படித்த காலத்தில் கற்றுக்கொண்டாராம். சுட்ட தோட்டாவின் பித்தளைக் குப்பியை எறியாமல் பொறுக்கி, அதையே மறுபடி தயார் செய்து, தன் கையால் மருந்து நிரப்புவார். அதற்கெல்லாம் அனுமதி இருந்ததா என்பது பின்னால் பெரிய பேச்சானது. எனக்கு அது தெரியாது.

மருந்து அர்பாபின் வேலை. அதற்கு முந்தைய வேலை என் கணவருடையது. சுடும்போது குப்பி துப்பாக்கிக்குள் ஊதிப் பருத்துவிடும். அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். குப்பியின் மேல் மெழுகு தடவி, பிரஸ்ஸில் நிறுத்தி, கைப்பிடியை இறக்கினால் மேலே இருக்கும் இரும்பு அச்சுக்குள் புகுந்து ஒடுங்கி வெளியே வரும். மெழுகு குறைந்தால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அழுத்தம் ஒரு மயிரிழை கூடினால் கழுத்துக்குக் கீழே இருக்கும் குப்பியின் தோள் இறங்கிவிடும், அடுத்த முறை சுடும்போது அந்த அளவுக்கு இழுபட்டு நீளும். எப்படிப் பார்த்துச் செய்தாலும் நாலைந்து முறைக்கு மேல் ஆனால் பித்தளை கழுத்துப் பக்கம் நகர்ந்து அடிப்பாகம் மெலிந்துவிடும். வெளியே பார்த்தால் அடியிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு மேலே வெளிறிய கோடு போலத் தெரியும். உள்ளே ஒரு வளைந்த கம்பியை விட்டு இழுத்தால் அந்த இடத்தில் தடுக்கும். தடுத்தால் அந்தக் குப்பி செத்தது, மறுபடி சுட்டால் பிய்ந்து வெடிக்கும் என்று ஒதுக்கிவிட வேண்டும்.

இதெல்லாம் அவர் எனக்குச் சொல்லிச் சொல்லித் தெரிந்தது. அந்தக் கம்பியே என்னுடைய கொண்டை ஊசிதான். நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து வைத்திருந்தார்.

ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் குப்பியின் அடியில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். ஐந்து புள்ளி ஆனால் பால்பவுடர் டின்னுக்குள் போய்விடும். முன்பெல்லாம் அதன் வாயைக் குறட்டால் நசுக்கிவிட்டுத்தான் போடுவார். உஸைர் அதை நிறுத்தினான். விருந்தாளிகளின் பிள்ளைகளுக்குச் சாவிக்கொத்து செய்து கொடுக்க முழுக் குப்பிகள் வேண்டுமாம்.

"நசுக்காத குப்பி ஆபத்து பாய்" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

"டின்னுக்குள்ள கெடக்குற குப்பி ஒன்ன என்னா கடிக்குதா?" என்றானாம் அவன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அர்பாபின் விருந்தாளிகள் வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை குப்பிகளைக் குலுக்கிச் சுத்தம் செய்யும் மெஷினின் மோட்டார் புகைந்துவிட்டது. இவர் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் டீ கொண்டுபோனபோது உஸைர் வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஆடு மேய்க்கும் பங்களாதேஷ்காரர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தார்கள்.

"ஏன் அன்பரசா, இதத்தான் விருந்தாளி முன்னாடி வெக்கப் போறியா? ஒம் பொண்டாட்டி வெளக்குற சட்டியோட சூத்துகூட இத விடப் பளபளன்னு இருக்கும்" என்றான்.

அந்த இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது. அவன் சிரித்ததைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள். இவர் தலையைத் தூக்கவில்லை. நான் டீ கிளாஸை மேஜையில் டக்கென்று வைத்தேன்.

"சட்டியக் குறை சொல்றவங்க அந்தச் சட்டிச் சோத்தத் திங்காம இருக்கணும் பாய்" என்றேன்.

"பாரு, வாயத் தொறந்துடுச்சு. ப்ளஸ் டூ படிச்ச வாயி." அவன் அவரைப் பார்த்தே சொன்னான். "அடக்கி வை."

மறுநாள் இவர் லாரியில் தீவனம் எடுக்கப் போயிருந்தார். வர மாலை ஆகும். நான் மெஷின் அறைக்குப் போனேன். பித்தளை விளக்குவதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்த கை. அறையில் இருந்த எல்லா டப்பாக்களையும் பெரிய அண்டாவில் கொட்டினேன். கீழ்த் தட்டில் இருந்த பால் டின்னையும் கொட்டினேன். அது எதற்கு என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பதை அழுத்தி எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் அன்றைக்கு என் மனதில் குப்பி இல்லை, உஸைரின் சிரிப்புதான் இருந்தது. ஒன்றுகூட அழுக்காக இருக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

புளித்தண்ணீரும் உப்பும் போட்டு ஊறவைத்துத் தேய்த்து, மூன்று முறை அலசி, வெள்ளைப் படுக்கை விரிப்பில் பரப்பி வெயிலில் காயவைத்தேன். நானூறுக்கு மேல் இருக்கும். மணலுக்கு நடுவே கண்ணைக் கூசியது. தங்கக் கடை ஜன்னல் மாதிரி இருந்தது. உஸைர் அந்தப் பக்கம் போனவன் நின்று பார்த்துவிட்டு நடையைக் கட்டினான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இவர் வந்து பார்த்தார்.

"பால் டின்னு எங்க?"

"அதையுந்தான் வெளக்கினேன். எப்படி இருக்கு பாருங்க."

குனிந்து ஒரு குப்பியை எடுத்து அடியைத் திருப்பினார். இன்னொன்று. இன்னொன்று. புள்ளி எதிலும் இல்லை. பக்கவாட்டில் தெரியும் வெளிறிய கோடும் இல்லை. எல்லாமே ஒரே வெளிச்சமாக இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"டின்னுல நாப்பத்திரண்டு இருந்துச்சு புள்ள" என்றார். "தேடிருவோம். யாராச்சும் கேட்டா நான்தான் கழுவுனேன்னு சொல்லு."

"நான் கழுவினத நீங்க ஏன்—"

"சொல்றதக் கேளு. உன் பேரு வந்தா, அவன் நாளைக்கே உன்ன ஃப்ளைட் ஏத்தி விட்டுருவான்."

அன்று மாலையும் மறுநாள் வியாழக்கிழமை காலையும் கொண்டை ஊசிக் கம்பியை ஒவ்வொன்றுக்குள்ளும் விட்டுப் பார்த்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கம்பியை இழுப்பார். தடுத்தால் டின்னுக்குள் போடுவார், ணங் என்று சத்தம் வரும். சிலதில் தடுத்ததா இல்லையா என்று அவருக்கே தெரியாது. மூன்று முறை, நான்கு முறை இழுப்பார். மதியத்துக்குள் முப்பத்தொன்பது தேறியது. மூன்று குறைந்தது. அந்த மூன்றும் மற்ற குப்பிகளோடு, ஒரே நிறத்தில், எங்கேயோ கிடந்தன.

சமையல்கட்டு ஜன்னலுக்கு வெளியேதான் அவர் உஸைரிடம் பேசினார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இடையில் இருந்தது கொசுவலை அடித்த ஜன்னல் மட்டும்.

"பாய், ஒரு தப்பு நடந்துருச்சு. கழுவும்போது பழைய குப்பி கலந்துருச்சு. நான்தான் கழுவினேன். மூணு இன்னும் உள்ள இருக்கு. ரெண்டு நாள் குடுங்க, திரும்ப முதல்ல இருந்து பாத்துர்றேன்."

"ரெண்டு நாளா? நாளைக்கு விருந்தாளி வர்றாங்க. சாயங்காலம் அர்பாப் வந்து மருந்து போடணும்."

"கடைத் தோட்டா இருக்குல்ல பாய், நாளைக்கு அதச் சுடட்டும்."

"அர்பாப் கையால செஞ்சதத்தான் காட்டணும்னு கூப்பிட்டிருக்காரு. மாஃபி. ரெண்டு நாளும் இல்ல, ரெண்டு மணி நேரமும் இல்ல."

"அப்ப நானே அர்பாப்கிட்ட சொல்லிக்கிறேன்."

"சொல்லு." உஸைரின் குரல் தணிந்தது. தணிந்தால்தான் அவனுக்குப் பயப்பட வேண்டும். "சொல்லிப் பாரு. ஒன் விசாவும் ஒம் பொண்டாட்டி விசாவும் என் கைலதான் இருக்கு. நானூறுல மூணு. அதுக்குப் போயி என்ன அர்பாப் முன்னாடி நிக்க வெப்பியா?"

அவன் போன பிறகு நான் ஜன்னலுக்கு வந்தேன். "நீங்க போய்ச் சொல்லுங்க. நான்தான் கழுவினேன்னும் சொல்லுங்க. ஊருக்கு அனுப்பினா அனுப்பட்டும்."

"பாப்போம்" என்றார்.

அர்பாப் கெட்டவர் இல்லை. 'ஷ்வை ஷ்வை', மெதுவாக மெதுவாக, என்பதைத்தான் இவருக்கு முதல் பாடமாகச் சொன்னவர். இவர் போய்க் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இரண்டு நாள் அல்ல, இரண்டு வாரமே கொடுத்திருப்பார். அது எனக்கு இப்போது தெரிகிறது. உஸைருக்கு அப்போதே தெரியும்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, சாப்பாடு முடிந்து, சுட ஆரம்பித்தார்கள். சுடுகிறவருக்கு வலது பக்கம், இரண்டடி பின்னால் நின்று, தெறித்து விழும் குப்பிகளைப் பொறுக்குவது இவர் வேலை. அன்று இரண்டடி முன்னால் போய் நின்றிருக்கிறார். ஒவ்வொரு குப்பி விழுந்ததும் எடுத்து, அடிப்பக்கம் வெளிறிய கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் டப்பாவில் போட்டாராம். அந்த மூன்றை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று அகப்பட்டதுமே சுடுவதை நிறுத்தச் சொல்லலாம் என்றா, வெடிக்காமல் மூன்றும் கடந்து போய்விட்டால் நிம்மதி என்றா, எனக்குத் தெரியாது.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வெடிச் சத்தங்கள் பழகிப்போனவை. அதில் ஒன்று மட்டும் வேறு மாதிரி கேட்டது, தகரத்தைக் கிழித்தது போல. பிறகு சத்தமே இல்லை. ஓடினேன். அர்பாப் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், விரல்களுக்கு நடுவே ரத்தம். இவர் மணலில் பக்கவாட்டில் கிடந்தார். குப்பி அடியோடு பிய்ந்து, பித்தளைச் சில் ஒன்று கழுத்தில் இறங்கியிருந்தது. அந்த இடத்தை என் முந்தானையால் அழுத்திப் பிடித்தேன். அவருடைய கண் என்னைப் பார்த்தது. ஏதாவது சொன்னாரா என்று எல்லோரும் கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை உஸைர் என்னைக் காரில் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனான். அர்பாப் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஷார்ஜா தொழில்பேட்டையில் வெல்டராக இருந்த என் கொழுந்தனார் பழனிச்சாமி நேராக ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார், இன்னும் வந்து சேரவில்லை. நான் மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தேன்.

"பையில என்னா?"

"மாத்துத் துணி."

காரை நிறுத்திவிட்டு ஒரு தாளை நீட்டினான். முழுக்க அரபி.

"கையெழுத்து போடு. நாளைக்கே பாடி போயிரும். கூடவே நீயும் போயிரலாம்."

"என்ன எழுதியிருக்கு?"

"நடந்ததுதான். அன்பரசன் யாரையும் கேக்காம தானே கழுவினாரு, பழசையும் புதுசையும் தானே கலந்தாரு, யார்கிட்டயும் சொல்லல."

"உங்ககிட்ட ரெண்டு நாள் கேட்டாரே. அது எங்க இருக்கு?"

"யாரு கேட்டா?"

"நான் ஜன்னல்ல நின்னு கேட்டேன்."

அவன் ஸ்டீயரிங்கில் விரலைத் தட்டினான். "இங்கப் பாரும்மா. ஒம் புருஷன் வாயாலயே சொன்னான், நான்தான் கழுவினேன்னு. செத்தவன் சொன்னத நீ பொய்யின்னு சொல்லப் போறியா? சொன்னா, உண்மையில கழுவினது யாருன்னு கேப்பாங்க. அது யாருன்னு எனக்கும் தெரியும். விரிப்ப நானும் பாத்தேன்ல."

அதுவரை அவனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்தான்.

"கையெழுத்து போட்டா அந்தப் பேச்சே வராது" என்றான். "ஊருல போயி நிம்மதியா இரு."

நான் தாளை வாங்கிக்கொண்டேன். "உள்ள போய்ப் போடுறேன்" என்றேன்.

அதிகாரி வயதில் சின்னவர், கண்ணாடி போட்டவர். மொழிபெயர்ப்பாளர் வர மதியம் ஆகும் என்றார்கள். "நான் சொல்றேன்" என்று உஸைர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அதிகாரி என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"இந்தத் தாள்ல இருக்குறது உண்மையான்னு கேக்குறாரு. ஆமான்னு சொல்லு."

"இல்ல. குப்பியக் கழுவினது நான். அவர் இல்ல."

உஸைர் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அதிகாரியிடம் அரபியில் இரண்டே வார்த்தை சொன்னான். மூன்று வருஷம் அரபு வீட்டுச் சமையல்கட்டில் இருந்தவள் நான். 'ஆமாம், உண்மை' என்று சொன்னது எனக்குப் புரியாதா?

எனக்குத் தெரிந்த அரபி, வேலைக்காரர்கள் பேசும் உடைந்த அரபி. இலக்கணம் கிடையாது. மேஜையில் கை வைத்து எழுந்து நின்றேன்.

"அர்பாப்" என்றேன் அதிகாரியைப் பார்த்து; பெரியவர் யாரையும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். "ஹாதா நஃபர் கலாம் மாஃபி ஸீதா." இந்த ஆள் பேசுவது நேர் இல்லை. "அன ஸவ்வி ஸாஃப்." நான்தான் சுத்தம் செய்தேன்.

"ஏய், ஒக்காரு" என்றான் உஸைர்.

"அன்பரசன் கலாம் ஹாதா நஃபர்: யோமேன்." இரண்டு விரலைக் காட்டினேன். இரண்டு நாள். "ஹாதா நஃபர் கலாம்: மாஃபி." இந்த ஆள் முடியாது என்றான்.

உஸைர் வேகமாக அரபியில் பேச ஆரம்பித்தான். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்பது போலக் கையைத் தலையருகே சுழற்றினான். அதிகாரி அவனைப் பார்க்காமலேயே கையை உயர்த்தினார். அவன் நிறுத்தினான். அவன் வாய் பாதியில் நின்றதை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

பையிலிருந்து பால் டின்னை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மூடி இடுக்கில் இரண்டு அரிசி ஒட்டியிருந்தது. உஸைர் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

கொண்டையிலிருந்து அந்தக் கம்பியை உருவினேன். அதையும் அவர் போன பிறகு நான்தான் எடுத்து வைத்திருந்தேன். ஒரு குப்பியையும் கம்பியையும் அதிகாரியிடம் நீட்டி, உள்ளே விட்டு இழுக்கும்படி கையால் காட்டினேன். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு இழுத்தார். முதல் முறை ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக் காட்டினேன். அவரும் மூடிக்கொண்டு மறுபடி மெதுவாக இழுத்தார். கம்பி ஒரு இடத்தில் நின்றது. அவர் புருவம் உயர்ந்தது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் நின்றது.

எல்லாவற்றையும் மேஜையில் கொட்டி எண்ணினார். முப்பத்தொன்பது. யாரிடமும் சொல்லாத ஆள், கவனமில்லாத ஆள், இந்த முப்பத்தொன்பதை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைத்திருப்பானா? அந்தக் கேள்வியை எந்த மொழியில் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தேவைப்படவில்லை. அவர் உஸைர் கொண்டுவந்த தாளை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். உஸைரை வேறு அறைக்குப் போகச் சொன்னார்.

மதியம் மொழிபெயர்ப்பாளர் வந்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். டீ கொண்டுபோனபோது அவன் சிரித்ததையும் சொன்னேன், அண்டாவையும் சொன்னேன். 'பால் டின்னில் இருந்தது என்ன என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?' என்று கேட்டார்கள். 'தெரியும்' என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் அதை அரபியில் சொன்னார்.

விசாரணை முடியும்வரை நான் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்றார்கள். உஸைரின் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு நாள் கழித்து உடலை விட்டார்கள். பெட்டியோடு பழனிச்சாமி மட்டும்தான் போனார். கொள்ளி வைத்ததை எனக்கு யாரோ போனில் காட்டினார்கள். கொழுந்தனார் போவதற்கு முன் என்னிடம் கேட்டார்: "அண்ணன்தான் கழுவுச்சுன்னே விட்டிருக்கலாமே அண்ணி. நீங்களும் கூட வந்திருக்கலாம்."

"அந்தத் தாளு கழுவினதோட நின்னிருந்தா விட்டிருப்பேன் தம்பி. கவனமில்லாம செத்தாருன்னு எழுதியிருந்தாங்க."

அவர் என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. இன்றுவரை பார்ப்பதில்லை.

விசாரணை முடிய ஏழு வாரம் ஆனது. அறிக்கையின் நகலை, அரபிக் காகிதங்கள் எழுதித் தரும் ஒரு டைப்பிங் சென்டருக்கு எடுத்துப் போனேன். அங்கே ஜொஹரா என்று ஒரு நாகூர் அக்கா இருந்தார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு படித்துப் படித்துத் தமிழில் சொன்னார். நடுவில் ஓரிடத்தில் நின்று என்னைப் பார்த்தார்.

"அப்படியே சொல்லுங்க அக்கா."

"'குப்பிகளில் இருந்த அடையாளத்தை அழித்தவர் இறந்தவரின் மனைவி.'" அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். "'இறந்தவர் ஆபத்தை அறிந்து, மேலாளரிடம் தெரிவித்து, இரண்டு நாள் அவகாசம் கேட்டார். அது மறுக்கப்பட்டது. முதலாளிக்குத் தெரிவிக்கப்படவில்லை.'"

"இன்னொரு தடவை படிங்க."

படித்தார். இரண்டு வரியும் இருந்தது. ஒன்றுக்காகத்தான் இன்னொன்றைக் கொடுத்தேன்.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. குரல் தணிந்திருந்தது.

"என் வேலையும் போச்சு, இருபத்தஞ்சு வருசமும் போச்சு. சந்தோசமா? ஒம் புருஷனக் கொன்னது நீதான். அது ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும் பாய்" என்றேன். "அதுலயே எழுதியிருக்கு. அடுத்த வரியில நீங்க இருக்கீங்க."

அவன் போனை வைக்கவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் வைக்கவில்லை. அவன் முதலில் வைக்கட்டும் என்று காத்திருந்தேன்.